அமிர்தநாதரின் பொஸ்பரஸ்

மோர்னிங்சைட்டில் ஓடைக்கரையோரப் பொதுத் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு துண்டு இருக்கிறது. பெயரைப் பதிந்துவிட்டு ஏழு வருடம் காத்திருந்து கிடைத்தது. ஓய்வு பெற்ற என் கணவர் அமிர்தநாதருக்கு அதுதான் உயிர். வீட்டில் ஒரு கோப்பை கழுவமாட்டார். அங்கே மூட்டை மூட்டையாகக் கோழி எரு சுமப்பார். பக்கத்துத் துண்டு பேர்ணடெற்றின் புடலங்காயைவிடத் தன்னுடையது நீளமாக வரவேண்டும். வேறு இலட்சியம் இல்லை.

இந்தக் கோடையில் ஓடை பாசி பிடித்து நாறியது. எரு வடிகிறதா என்று பார்க்கத் தோட்டச் சங்கம் எல்லாருடைய மண்ணையும் சோதனைக்கு அனுப்பியது. முடிவுத் தாள் அவரவர் வீட்டுக்கே வந்தது. எங்கள் மண்ணில் எருவால் சேர்ந்த பொஸ்பரஸ் இருநூற்றுத் தொண்ணூறு. பேர்ணடெற்றுக்கு வெறும் முப்பத்தைந்து.

தாளில் இலக்கத்தைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குப் புத்தி மட்டுப்பட்டுவிடும். மனிதர் உடனே அதைப் படம் பிடித்துத் தோட்டக்காரரின் வட்ஸ்அப் குறூப்பில் போட்டார். “290. மற்றாக்களும் ரிசல்ட்டைப் போடுங்கோ.” வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகள் எதிலும் இப்படி எடுத்ததில்லை.

அரை மணியில் சங்கச் செயலாளர் அட்சயா அழைத்தாள்.

“அங்கிள், உது மார்க்ஸ் இல்லை. யுவர் சொயில் இஸ் ஃபுல். மழை பெய்தா மிச்சமெல்லாம் ஓடைக்குள்ள போய்ப் பாசியை வளக்குது. சனிக்கிழமை பெரிய மழை. அதுக்கு முன்னம் நீங்கள் குவிச்சு வைச்சிருக்கிற அந்த எருக் கும்பியை எடுக்காட்டி பிளொட்டைத் திருப்பித் தரவேணும்.”

அன்று அவர் சாப்பிடவில்லை. முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. எங்கள் அப்பார்ட்மென்ட் பல்கனியில் எருவை வைக்கலாமா என்று கேட்டார். விவாகரத்துத்தான் என்றேன்.

எங்களுக்குத் தெரிந்து எரு தேவைப்படும் மண் பேர்ணடெற்றுடையது ஒன்றுதான். வரமாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு போனேன்.

“எனக்கு நாலு வாளி காணும் அண்ணை,” என்றாள் பேர்ணடெற். “எனக்குத் தெரிஞ்ச சோளத் தோட்டக்காரர் ஒராள் இருக்கிறார், அவரின்ரை மண்ணுக்கு எரு காணாது. லொறிக்கு நான் சொல்லுறன். ஆனா நீங்கள் பெயில் எண்டு குறூப்பிலை போடவேணும்.”

கார் லைசன்ஸ் சோதனையில் ஐந்து தரம் விழுந்ததையே இன்றுவரை ஒருவருக்கும் சொல்லாத மனிதர். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: “நான் பெயில். என்ரை எருவும்தான் ஓடையைக் கெடுத்தது. மன்னிக்கவும்.”

பிறகு, அட்சயாவுக்குப் பயந்து மற்றவர்கள் ஒளித்து வைத்திருந்த தாள்கள் குறூப்பில் ஒவ்வொன்றாக வந்தன. இருநூற்று அறுபது. முந்நூற்றுப் பத்து. ஆகக் கடைசியாக, மூலைத் துண்டு ஜூலியஸ்: நானூற்று முப்பது.

வெள்ளிக்கிழமை லொறி வந்து எருவை அள்ளிப் போனது. அட்சயா வந்து பார்த்து, துண்டு உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். இவரோ உம்மென்று நின்றார்.

“இனி என்ன கவலை? துண்டு தப்பியிட்டுதுதானே,” என்றேன்.

“அதில்லை,” என்றார். “உவன் ஜூலியஸ் மண்ணுக்கு என்னத்தைப் போட்டவன்?”