பச்சைமுத்துவின் யானையைத் தின்ற யானை

பச்சைமுத்து செய்த யானையை ஒரு நிஜ யானை தின்றுவிட்டது. சும்மா கடித்துப் பார்க்கவில்லை. காதில் ஆரம்பித்து, தும்பிக்கையைச் சுருட்டி வாயில் போட்டு, வயிறு முதுகெல்லாம் முடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டது. அந்த ஏப்பத்தில் கோயில் மணி தானாக ஆடி அடித்தது.

அவர் லாவோஸிலிருந்து திரும்பிய நாள் முதல் பெங்களூரு ஸ்ரீராம்புரம் முழுக்க இதே பேச்சுதான். டீக்கடையில் சொன்னபோது ஒரு யானை. எதிர்வீட்டு பிரிஜெட்டிடம் சொன்னபோது மூன்று. மல்லேஸ்வரம் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொன்னபோது யானைகள் தட்டு ஏந்தி வரிசையில் நின்றன.

"வரிசைல நின்னுச்சாம்ல," என்றாள் மனைவி பாஞ்சாலி, கீரை ஆய்ந்தபடி. "டோக்கன் யாரு குடுத்தா, நீயா?"

"வரிசை நான் சேத்துக்கினது. தின்னது நிஜம், பாஞ்சாலி."

"உன் வாய்ல நிஜம் வந்தா அன்னிக்கு மெஜஸ்டிக்ல கடல் வரும்யா."

போட்டோ காட்டலாம் என்றால், போன் மேகாங் ஆற்றில் விழுந்துவிட்டது. அதையும் அவள் நம்பவில்லை. அவளுக்கு அப்போது இன்னொரு கவலையும் இருந்தது. விசேஷங்களுக்கு வைத்துக்கொள்ளும் சவுரி, மேலே சிவப்பு நூல் சுற்றியது, அவர் ஊருக்குக் கிளம்பிய வாரத்திலிருந்து காணோம். எலிதான் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு கட்டி, பொறி வாங்கி வைத்து, தினமும் காலையில் எலிகளின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ் டிப்போவில் டிங்கராக இருந்தவர் பச்சைமுத்து. நசுங்கிய பஸ்ஸை நிமிர்த்திய கைக்கு மூங்கிலும் காகிதமும் எம்மாத்திரம்? ஏப்ரல் மாத அம்பேத்கர் ஜெயந்தி ஊர்வலத்தில் லாரி மேல் போகும் யானை, தேர், அரச மரம் எல்லாம் ஒரு காலத்தில் அவர் கட்டியவை. பாஞ்சாலி சந்தில் அடுப்பு மூட்டி மைதா பசை காய்ச்சுவாள். பூச்சி வராமலிருக்க நீலமாய் மயில்துத்தம் கரைத்து ஊற்றுவாள். முழங்கை வரை பசையோடு நின்றுகொண்டு, "யானைக்கு உன் மூக்குய்யா," என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் யானைகளுக்குத் தன் மூக்கை வைத்தார்.

ரிட்டையரான பிறகு அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் பால் பாக்கெட் வாங்கி வருவது. அதிலும் இரண்டு முறை தயிர் வாங்கி வந்து வேலையை இழந்தார். அப்போதுதான் தெருக்கோடி விகாரையின் பிக்கு, லாவோஸில் தனக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள், சம்பளம் கிடையாது, சோறு உண்டு என்றார்.

பாஷை தெரியாது. முதல் நாள் ஒரு மூங்கிலை வளைத்துத் தன் மூக்கைச் செய்து காட்டினார். வகுப்பே விழுந்து புரண்டு சிரித்தது. மறுநாளிலிருந்து அவர் தெருவில் தலை காட்டினால் போதும், "ஆச்சான் முத்து! ஆச்சான் முத்து!" என்று ஒரு பட்டாளம் ஓடிவரும். ஆச்சான் என்றால் வாத்தியார். பிள்ளைகள் அப்படிக் கத்தியதில் ஆற்று மீன்கள் எழுந்து நின்றன என்பார். மீன்கள் எப்படியோ, அவருடைய முட்டிவலி நின்றது.

கோயில் ஊர்வலத்துக்கு யானை செய்தார்கள். அங்கே மைதா கிடைக்கவில்லை. மயில்துத்தப் பொட்டலத்தை ஏர்போர்ட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுக் கூடையில் மிஞ்சிய பசைச் சோற்றை அரைத்து, வெல்லம் கலந்து ஒட்டினார். காகிதத்துக்கு வாழை மட்டை, காதுக்கு வாழை இலை. கடைசியில் பார்த்தால் அது யானை இல்லை, யானைக்கு வைத்த விருந்து. ஊர்வலத்தில் பின்னால் வந்த நிஜ யானை அப்படித்தான் நினைத்தது.

பிள்ளைகள் அழப்போகிறார்கள் என்று பயந்தார். அவர்களோ கைதட்டினார்கள். மறுநாள் காலை, கூப்பிடாமலே, மூங்கில் வெட்டி வந்து வாசலில் போட்டார்கள். இதை மட்டும் அவர் யாரிடமும் கூட்டிச் சொன்னதில்லை. சொன்னதே இல்லை.

மழைக்காலம் முடிந்து மறுபடி வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தார்கள். பாஞ்சாலி மறுத்துவிட்டாள்.

"அங்க உன் கைல தொடப்பத்தக் குடுத்து பெருக்க வுட்ருப்பாங்க. அத மறைக்கத்தான் யானை கதை உடற. மரியாதை இல்லாத எடத்துக்கு என் புருசன் போவேணாம்."

"இல்லடி..."

"சொன்னதுல ஒண்ணே ஒண்ணு நிஜம்னு காட்டு. போய்ட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை மகன் நரேஷின் போனில் வீடியோ கால் வந்தது. லாவோஸ் பள்ளிக்கூட டீச்சர் கம்லா. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நரேஷ் தமிழில் சொன்னான்.

"யானை தின்னது நெஜமாம்மா. நைனா எப்ப வருவாருன்னு கேக்கறாங்க."

"இவருதான் சொல்லி வெச்சிருப்பாரு. அந்தம்மாவும் இவரு கட்சி."

பச்சைமுத்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அப்போது திரையில் பிள்ளைகள் முட்டி மோதினார்கள். ஒரு குட்டிப் பெண் எதையோ தூக்கிக் காட்டினாள். யானை மிச்சம் வைத்த வால். மூங்கில் குச்சி, அதன் நுனியில் நீளமாய்க் கறுப்பு முடி, முடியின் உச்சியில் சிவப்பு நூல்.

பாஞ்சாலி போனைப் பிடுங்கினாள். மூக்கு திரையில் இடிக்கும் வரை பார்த்தாள்.

"யோவ்!"

பச்சைமுத்து கூரையில் ஓட்டை தேடினார்.

"எலிய எத்தினி திட்டு திட்டினேன்! பாவம்யா அது!"

"யானைக்கு வால் வேணும்ல..."

"அது ஏன் வாலை மட்டும் உட்டுச்சு?"

"உன் முடின்னு தெரிஞ்சிருக்கும். பயம்."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. திரையில் பிள்ளைகள், "ஆச்சான் முத்து! ஆச்சான் முத்து!" என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கையில் துடைப்பம் கொடுத்துப் பெருக்கவிட்ட ஆளை எந்த ஊரிலும் யாரும் இப்படிக் கூப்பிடுவதில்லை.

"நரேஷு, அந்த டீச்சராண்ட சொல்லு. இந்த வாட்டி பசை காய்ச்ச ஒரு ஆளும் கூட வருதுன்னு."

சாயங்காலம் குழாயடியில் பிரிஜெட் குடத்தைச் சாய்த்தபடி கண்ணடித்தாள். "இன்னாக்கா, உங்க ஊட்டு யானைங்கல்லாம் சாப்ட்டாச்சா? இன்னிக்கு எத்தினி?"

பாஞ்சாலி குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"ஒண்ணுதான், பிரிஜெட். மூணுமில்ல, வரிசையுமில்ல." இரண்டடி போய்த் திரும்பினாள். "ஆனா தின்னுச்சு."