லூயிசா டம்ளரில் தட்டிய காலை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. பங்காருபேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, என்னை வழியனுப்ப வந்த என் அக்கா லூயிசா சொன்னது. அவள் சொல்லி முடிக்குமுன் வண்டி வந்துவிட்டது. எல்லா நாளும் லேட்டாக வருகிற பாழாய்ப்போன வண்டி, அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு வந்து தொலைத்தது. அதனால் கதையில் ஒரு காலைப்பொழுது குறைகிறது.

'தங்கம் மின்னும் நந்திதுர்க் சுரங்கத்தின் வாசலில்...'

(இப்படி ஆரம்பித்து அடித்துவிட்டேன். எங்கள் தங்கம் மின்னாது, பாறைக்குள் தூசியாகக் கிடக்கும். மின்னுகிற சங்கதியை வெளியூர்க்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும்.)

2

லூயிசாவின் கணவர் ஏனோக், நந்திதுர்க்கில் வைண்டிங் டிரைவர். ஆட்கள் ஏறிய கேஜை, அந்த இரும்புக் கூண்டை, சுரங்கத்துக்குள் இறக்குவதும் மேலே தூக்குவதும் அவர் எஞ்சின். உள்ளே போன கேஜ் டிரைவர் கண்ணில் படாது. கீழிருந்து மணியடிப்பதை எண்ணித்தான் எல்லாம். 1968-ல் வேலூரில் அவருக்கு இதய வால்வு ஆபரேஷன் நடந்தது. பிழைத்தார். ஆனால் துடிப்பு அவ்வப்போது தாளம் தப்பியது. தினம் காலையில் நாடி பார்க்க வேண்டும், தப்பினால் மயக்கம் வரலாம், அன்றைக்கு எஞ்சினைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

எஞ்சின் லிவர் பிடித்துக் காய்த்த அவர் விரலுக்கு நாடி அகப்படவில்லை. அதனால் லூயிசா ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து, மறு கையில் ஸ்பூனை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஒரு தட்டு தட்டுவாள். அவர் கண்ணை மூடி எண்ணுவார். இருபது வருஷம் மணியை நம்பி வேலை பார்த்த மனுஷர், காதில் விழுந்தால்தான் அவருக்கு நிஜம்.

3

முதல்முறை தப்பியதை அவள் அப்படியே தட்டினாள். இரண்டு சேர்ந்து வந்தது, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு குடுகுடுவென்று நாலு. ஏனோக்கின் முகம் செத்துப்போயிற்று. நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சோறு இறங்கவில்லை.

"என்னக் குழில வச்சிட்டு வந்துடு லூயிசா" என்றார்.

அடுத்த முறை தப்பியபோது அவள் கை சீராகத் தட்டியது. அவர் எழுந்து, சாப்பிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவள் எப்போதும் சீராகவே தட்டினாள்.

(இந்த இடத்தில் அவளைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். கேஜில் போனவர்களுக்கும் பெண்டாட்டி உண்டே, அவர்களெல்லாம் உனக்கு மனுஷர்களாகத் தெரியவில்லையா என்று. பிறகு கிழித்துப் போட்டேன். புருஷன் நாலு வாய் தின்றால் போதும் என்றிருந்தவளை எந்த வாயால் திட்டுவது? கோபம் தீரவில்லை, அது வேறு விஷயம்.)

4

அப்புறம், வேறு சுரங்கத்தில் வேலை பார்த்த எனக்கு நந்திதுர்க்குக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை முதல் பகல் ஷிப்ட், ஏனோக் மாமாவின் கேஜ். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அக்காவிடம் சொன்னேன்.

"நாளைலேர்ந்து மாமா கைலதான் கீறேன்க்கா."

அவள் வெயில் என்று சொல்லி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை மணிக்கட்டைப் பிடித்தாள். ரயிலடியில் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"புட்ச்சிப் பாத்தேன்டா. குதுர மாரி ஓடுது, அப்பிடியே நிக்குது. உன் மூஞ்சிதான் வந்து நின்னுது. நான் இன்னா பண்ணேன்னா..."

வண்டி வந்துவிட்டது.

5

முதல் முடிவு. சீராகத் தட்டினாள். தெரிந்தே என்னை அனுப்பினாள்.

இன்னொன்று. உள்ளதை உள்ளபடி தட்டினாள். மாமா காதால் கேட்டார். கேட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

மாமா அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. அதற்கு வழியில்லை. எஞ்சின் ஹவுஸ் ஜன்னலில் அவரைப் பார்த்துக் கைகாட்டிவிட்டுத்தான் நான் கேஜில் ஏறினேன். அவரும் கைகாட்டினார். ஷிப்ட் முடிந்து பத்திரமாக மேலே வந்தேன். அடுத்த மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாமா எழுந்திருக்கவில்லை.

அக்கா இருக்கிறாள். கேட்டால் சொல்லிவிடுவாள். அந்தப் பயத்தில்தான் ஒரு மாதமாக அவள் வீட்டுப் பக்கமே போகாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு முடிவில் எனக்கு அக்கா இல்லை. மற்றதில், நான் தோள்கொடுத்துத் தூக்கிப்போன மாமா இல்லை.

நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதை என்று மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.