கல் சுவரில் களிமண்

வரப்பில் நண்டு வளை ஒன்று. அடைக்கச் சேறு அள்ளக் குனிந்தபோது பஞ்சநதத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. மகன் மதிவாணன். வேலை நேரத்தில் கூப்பிடுகிற பிள்ளை இல்லை அவன். வயல் தண்ணீர் வளை வழியாக வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்ததால், அதன் வாயைக் காலால் மிதித்துக்கொண்டு வீடியோ அழைப்பை எடுத்தார்.

"அப்பா, செவுரு சரிஞ்சிருச்சு."

குரோஷியாவில் ஏதோ ஒரு தீவு. மலைச்சரிவு நெடுக, கல்லின் மேல் கல்லை வைத்தே கட்டிய பழங்காலச் சுவர்கள். சிமெண்டு இல்லை, சுண்ணாம்பு இல்லை. அதைப் பார்க்கவே கப்பல் ஏறிச் சனம் வருகிறதாம். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வயலில் ஒரு கல் தட்டுப்பட்டாலே அதிசயம். அந்த மண்ணில் பிறந்தவன் அந்தச் சுவர்களைச் செப்பனிடப் போனதில் பஞ்சநதத்துக்குத் தலைகால் புரியாத பெருமை.

போன மாதம் அவன் சுவரைக் காட்டியபோது இவர் கண்ணில் பட்டதெல்லாம் கல்லிடுக்குச் சந்துகள்தான். "என்னடா இது, நண்டு வளையாட்டம். களிமண்ணக் கொழச்சு அடைச்சுவுடு" என்றார். ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அவனும் அப்பா பேச்சைத் தட்டாதவன். மேஸ்திரி இல்லாத நேரம் பார்த்து அடைத்திருக்கிறான்.

"அந்தச் சந்து வழியாத்தான் மழத்தண்ணி வெளிய வரணுமாம்ப்பா. வழி இல்லாம உள்ளயே தேங்கி, செவுத்தத் தள்ளிருச்சு."

"நான்தான் சொன்னேன்னு சொல்லுடா."

"அவருக்கு உங்கள யாருன்னு தெரியும்?"

"போனக் குடு. நான் பேசுறேன்."

"என்ன பாஷையிலப்பா பேசுவீங்க?"

அவன் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. வேலை போனால் விசாவும் போகும். அந்த ஊருக்குப் போக அவன் பட்ட பாடு அவருக்குத் தெரியும்.

"மேஸ்திரி வர்றாரு. வச்சிராதீங்க" என்று அவன் போனைக் கல்மேல் வைத்தான். திரை முழுக்க வானம். மழை விட்ட வெறும் வானம். வயதான குரல் ஒன்று நிதானமாகப் பேசியது. வைகிறதா, தேற்றுகிறதா, ஒன்றும் விளங்கவில்லை. நடுநடுவே மகன் "எஸ் சார்" என்றான். பிறகு அதுவும் நின்று, கல் உருளும் ஓசை மட்டும் கேட்டது.

"சோறு ஆறுது, வாங்க" என்று மேட்டிலிருந்து மனைவி வள்ளியம்மை கூப்பிட்டாள்.

பஞ்சநதம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளங்காலுக்கு அடியில் தண்ணீர் வழி தேடி முட்டிக்கொண்டிருந்தது.