கடைசிச் சொல் அவளுக்கு

வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று நாங்கள் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து வீடு அமைதியாகிவிட்டது.

எங்கள் மகள் மதுவுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. 'அம்மா' என்பாள். எதையாவது கேட்டால் 'தா' என்பாள். தண்ணீர் வேண்டுமென்றால், பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் மாலதி மாஷியிடம் போய் வங்காளியில் 'ஜொல்' என்பாள். அவ்வளவுதான். அவள் வயதுக் குழந்தைகள் கீழே ஊஞ்சலருகே 'பாபா வா', 'இன்னும் கொடு' என்று வங்காளியில் இரண்டிரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தன. மதுவிடம் சேர்ப்பதற்குச் சரக்கே இல்லை.

பக்கத்துத் தெருவில் இருந்த மழலையர் பள்ளிக்குச் சேர்க்கை விசாரிக்கப் போனோம். அங்கே இருந்த அம்மாள் மதுவைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, வீட்டில் என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றோம். பார்த்துக்கொள்ளும் மாஷி வங்காளி, டிவியில் இந்தி என்றும் சொன்னோம்.

"குழந்தை குழம்பிப் போயிருக்கிறாள். ஒரே மொழியாக வையுங்கள். ஆங்கிலமாகவே வைத்துவிட்டால் பின்னால் உதவும்."

நானும் என் கணவன் ஜெய்ராமும் இதே வங்காள ஊரில் பிறந்த தமிழர்கள். என் அப்பாவுக்கு வங்கி வேலை, அவன் அப்பாவுக்கு ரயில்வே. வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று மூன்று மொழியில்தான் வளர்ந்தோம். எங்களில் யாரும் குழம்பவில்லை. ஆனால் பேசாத குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சொந்த அனுபவம் நினைவுக்கு வருவதில்லை. எதிரில் இருப்பவர் சொல்வதுதான் காதில் விழுகிறது.

மாஷியிடமும் சொன்னேன். அவளுக்கு நான் பௌதி, அதாவது அண்ணி; ஜெய்ராம் தாதா, அண்ணன்.

"பௌதி, எனக்கு ஆங்கிலத்தில் டாட்டாவும் சாரியும்தான் தெரியும்" என்றாள் மாலதி மாஷி. "காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கட்டுமா?"

"கொஞ்சம் குறைவாப் பேசினாப் போதும், மாஷி."

அவள் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டாள். பருப்பில் கல் பொறுக்கும்போது கல்லைத் திட்டுபவள், பால்கனியிலிருந்து மீன்காரரோடு வம்பு வளர்ப்பவள், மதுவின் ஒவ்வொரு காலுறைக்கும் ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுபவள். எல்லாம் நின்றது.

நாங்கள் மட்டும் என்ன பேசிவிட்டோம். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு வீட்டுக்கு வந்தால் அந்த மொழியில் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. ஜெய்ராம் தரையில் உட்கார்ந்து பந்தைத் தூக்கிக் காட்டி, இது என்ன, பந்து, பந்து என்று சொல்லு, என்ன நிறம் என்று ஆங்கிலத்தில் வரிசையாகக் கேட்பான். மது பந்தைப் பார்ப்பாள், அவனைப் பார்ப்பாள், எழுந்து போய்விடுவாள்.

அதோடு ரயில் விளையாட்டும் நின்றுபோனது. எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே மெட்ரோ பாதை போகிறது. டாலிகஞ்சைத் தாண்டியதும் ரயில் தூண்களின் மேல் ஏறி, கால்வாயை ஒட்டியே கூட்காட் பக்கம் ஓடும். ஜெய்ராம் சாந்த்ராகாச்சியில் ரயில்வே சிக்னல் பொறியாளர். வீட்டுக்கு வந்தும் அவனுக்கு ரயில் அலுக்காது. மது கைக்குழந்தையாக இருந்தபோதே ஜன்னலில் தூக்கி வைத்துக்கொண்டு, "வருது, வருது, வருது…" என்று குரலை ஏற்றிக்கொண்டே போவான். கடைசிப் பெட்டி மறைந்ததும் "போச்சு" என்று கையை விரிப்பான். மது குலுங்கிச் சிரிப்பாள். அதை ஆங்கிலத்தில் செய்து பார்த்தான். அவளுக்கும் சிரிப்பு வரவில்லை, அவனுக்கும் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. அதே மூன்று சொற்கள். டெல்லியிலிருக்கும் என் விஸ்வநாதன் சித்தப்பா போனில் சொன்னார்: "ரயில்காரன் பெத்த பொண்ணு, கொஞ்சம் லேட்டாத்தான் வரும். விடு. உங்க வீட்ல ஒருத்தராவது பேசாம இருக்கட்டுமே."

சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, அழுகையாகிவிட்டது. இவள் என்னிடம் பேசாமலே இருந்துவிட்டால்? மறுநாளே ஜாதவ்பூரில் இருக்கும் ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு நேரம் கேட்டேன்.

அங்கே முதலில் பேச்சைத் தொடவே இல்லை. காதைப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. விளக்கு எரியவில்லை என்றால் முதலில் மின்சாரம் வருகிறதா என்றுதானே பார்ப்போம். காதுக்குள் சின்ன ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மெல்ல ஏற்றி இறக்குகிறார்கள். செவிப்பறை நன்றாக அசைந்தால் திரையில் கோடு ஒரு குன்றுபோல எழும். பின்னால் நீர் கோத்திருந்தால் செவிப்பறை அசையாது, கோடு தட்டையாகக் கிடக்கும். அப்படி நீர் கோத்த குழந்தைக்கு உலகமே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருக்குமாம். சளி பிடித்த குழந்தைகளுக்கு இது சாதாரணம் என்றார்கள். மதுவுக்கு இரண்டு காதிலும் அழகான குன்று. பிறகு மெல்லிய ஒலிகளை எழுப்பி, அவள் திரும்புகிறாளா என்று பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் திரும்பினாள்.

அடுத்துதான் பேச்சுப் பயிற்சியாளர் பாரமிதாவின் அறை. நாற்பது வயதிருக்கும். எங்களோடு தரையில் உட்கார்ந்தார்.

"நீங்கள் வீட்டில் விளையாடுவதுபோல விளையாடுங்கள். நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்."

ஜெய்ராம் ஒரு மர வாத்தை எடுத்து ஆங்கிலத்தில் தேர்வு நடத்தத் தொடங்கினான். இது என்ன? வாத்து. வாத்து என்ன சொல்லும்? எங்கே, சொல்லு? பாரமிதா கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"மனைவியோடு எந்த மொழியில் சண்டை போடுவீர்கள்?"

ஜெய்ராம் என்னைப் பார்த்தான். "தமிழ்."

"அவர்?"

"அவளும் தமிழ்தான். ரொம்ப முற்றினால் வங்காளி."

"அப்புறம் இந்தக் குழந்தையிடம் மட்டும் ஏன் ஆங்கிலம்?"

மழலையர் பள்ளியில் சொன்னதைச் சொன்னோம். மாஷியின் மௌனத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மதுவின் பக்கம் திரும்பி, வாத்தைத் தலையணைக்குக் கீழே வைக்கும்படி வங்காளியில் சொன்னார். வைத்தாள். அதையே தமிழில் என்னைச் சொல்லச் சொன்னார். அதற்கும் வைத்தாள், சற்று அலுத்துக்கொண்டே.

"பாருங்கள், இரண்டு மொழியும் உள்ளே போயிருக்கிறது" என்றார் பாரமிதா. "பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். மூன்று சொல் இவள் வயதுக்குக் குறைவுதான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் புரிந்துகொள்கிறாள், கண்ணைப் பார்க்கிறாள், வேண்டியதை விரலால் காட்டுகிறாள். இதெல்லாம் நல்ல அடையாளங்கள். எப்போது பேசுவாள் என்று நான் தேதி தரமுடியாது. குளிர்காலம் வரை பார்ப்போம். முன்னேற்றம் இல்லை என்றால் மேலும் சில பரிசோதனைகள் செய்வோம். உங்களுக்கு எந்த மொழியில் வாய் ஓயாதோ, அதில் பேசுங்கள். மாஷியும்தான்."

பிறகு ஜெய்ராமிடம், "நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள், பதிலையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்" என்றார். "அவளுக்கு இடமே இல்லை. கேட்ட சொல்லை உள்ளே தேடவேண்டும், நாக்கையும் உதட்டையும் அதற்கு வளைக்கவேண்டும். நமக்கு அது நொடிப்பொழுது. அவளுக்கு அது வேலை. நீங்கள் இருவரும் ஆசையாகச் செய்துகொண்டிருந்த விளையாட்டு ஏதாவது உண்டா?"

ஜெய்ராம் ரயில் விளையாட்டைச் சொன்னான். நடித்தே காட்டினான்.

"அற்புதம். அதையே செய்யுங்கள். கடைசிச் சொல்லை மட்டும் அவளுக்கு விட்டுவிடுங்கள்."

"அவள் சொல்லாவிட்டால்?"

"காத்திருங்கள்."

வீடு திரும்பும் ஆட்டோவில் ஜெய்ராம் பாயின்ட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தான். ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம் பாயின்ட். சிக்னல் அறையில் பொத்தானை அழுத்தியதும் அங்கே நீண்ட இரும்பு நாக்கு நகரத் தொடங்கும். உடனே சிக்னல் கொடுத்துவிட முடியாது. பலகையில் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். நாக்கு தண்டவாளத்தோடு முழுக்க ஒட்டி, பூட்டும் விழுந்துவிட்டது என்று அங்கிருந்து செய்தி திரும்பி வந்தால்தான் மினுக்கல் நிற்கும். அதுவரை காத்தே ஆகவேண்டும்.

"நான் செய்தி வர்றதுக்கு முன்னாடியே சிக்னல் போட்டுட்டு இருந்திருக்கேன், அனு."

"உன்னை எப்படி வேலைல வெச்சிருக்காங்கன்னே தெரியல" என்றேன். அந்த மழைக்காலத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

மாஷியிடம் தடையை நீக்கியபோது, "நிஜமாகவா? பிறகு மாற்றமாட்டாயே?" என்று இரண்டுமுறை உறுதிசெய்துகொண்டாள். அப்புறம் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே நறுக்குவதைச் சொன்னேன். ஜெய்ராம் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டே பித்தானைப் பற்றிச் சொன்னான். வீட்டில் இரைச்சல் திரும்பியது.

ஆனால் காத்திருப்பது சுலபமாக இல்லை. மாலையில் ஜன்னலில் மதுவை வைத்துக்கொண்டு ஜெய்ராம் "வருது, வருது, வருது…" என்பான். ரயில் மறையும். மது அவன் வாயையே பார்ப்பாள். அவன் உதடு துடிக்கும். கடைசியில் தாங்காமல் "போச்சு" என்றுவிடுவான்.

"சாந்த்ராகாச்சியில இப்படித்தான் பண்ணுவியா?" என்பேன் சமையலறையிலிருந்து.

"இரும்புக்குக் கண்ணு இல்ல, அனு. இவ பார்க்கிறா."

மெல்லப் பழகினான். ரயில் போன பின் வாயைப் பூட்டிக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, அவள் முகத்தையே பார்த்திருப்பான். அந்த மௌனத்தில் மதுவின் உதடு சிலசமயம் குவியும். ஒருநாள் வெறும் காற்று வந்தது. ஒருநாள் கையை மட்டும் விரித்தாள், அவன் விரிப்பதுபோலவே. பாரமிதாவிடம் சொன்னபோது, "கை பேசிவிட்டது, வாய் பின்னால் வரும் என்று நம்புவோம்" என்றார். நம்புவோம் என்ற சொல்லை நான் அன்று முழுக்க மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்று இந்த ஊரில் இயந்திரங்களுக்குப் பொட்டும் மாலையும், வானத்தில் பட்டங்களும். சாந்த்ராகாச்சியில் சிக்னல் பலகைக்குப் பூஜை முடித்து, ஜெய்ராம் நெற்றியில் சந்தனத்தோடு பிரசாதத் தட்டைத் தூக்கிக்கொண்டு மதியமே வந்துவிட்டான். மாலையில் நாங்கள் எல்லோரும் ஜன்னலில் நின்றோம். எதிர்வரிசை மொட்டைமாடிகளில் பையன்கள் நூலை இழுத்தும் விட்டும் போராடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தூள் பூசிய நூல். ஒன்று இன்னொன்றின்மேல் உரசினால் அறுந்துவிடும்.

எங்களுக்கு மிக அருகில் ஒரு சிவப்புப் பட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மது ஜெய்ராமின் தோளில் இருந்தபடி அதையே பார்த்திருந்தாள். சட்டென்று அது தலைசாய்ந்தது. நூல் அறுந்துவிட்டது. மாடிகளில் கூச்சல் எழுந்தது. பட்டம் யாருக்கும் சொந்தமில்லாமல் மிதந்து, மெட்ரோ பாதையைத் தாண்டி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் மரங்களுக்குள் இறங்கி மறைந்தது. கூச்சல் அடங்கியது.

ரயில் எதுவும் வரவில்லை. யாரும் "வருது" என்று தொடங்கவில்லை.

"போச்சு" என்றாள் மது.

தெளிவாக, சற்று வருத்தத்தோடு, கையை விரித்து.

சொல்லித் தந்ததை அவள் திருப்பிச் சொல்லவில்லை. ரயிலுக்கு உண்டான சொல்லை எடுத்துப் பட்டத்துக்குப் போட்டிருந்தாள். ரயிலுக்கு மட்டுமல்ல, போகிற எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் பொருந்தும் என்று தானே கண்டுபிடித்திருந்தாள். பாரமிதா எனக்குச் சொல்லியிருந்தது இதுதான்: ஒரு சொல் குழந்தைக்குச் சொந்தமாகிவிட்டது என்பதற்கு, யாரும் காட்டித் தராத இடத்தில் அது வந்து நிற்பதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஜெய்ராம் அசையாமல் நின்றான். மது தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் புருவம் உயர்ந்திருந்தது. வாய் மூடியிருந்தது. இத்தனை நாள் அவன் அவளைப் பார்த்த அதே பார்வை.

"ஜெய், பதில் சொல்லு" என்றேன் மெதுவாக. "அவ காத்துக்கிட்டு இருக்கா."

அவள் அவசரப்படவில்லை. காத்திருந்தாள்.

"ஆமாம்மா" என்றான் கடைசியில். "பட்டம் போச்சு."

மது திருப்தியாகத் தலையாட்டினாள். மாஷி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தாதாவுக்குத்தான் பேச்சு கொஞ்சம் தாமதம்" என்றாள்.

அன்றே பாரமிதாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலில் அவர் மகிழ்ச்சி என்று எழுதிவிட்டு, கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தார்: வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக் காட்டச் சொல்லி அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். அந்த மனுஷிக்கு நான் எப்படி நன்றி சொல்வேன். ஜெய்ராம் கொண்டுவந்த பிரசாதத்தில் ஒரு பங்கை எடுத்து, அடுத்தமுறை ஜாதவ்பூர் போகும்போது கொடுக்கவென்று டப்பாவில் போட்டு மூடினேன். இன்னொரு பங்கை மாஷியின் பையில் வைத்தேன்.

எதிரே பாதையில் விளக்கு தெரிந்தது. மது ஜெய்ராமின் காதைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். அவன் "வருது" என்று தொடங்கினான்.