நெல்லறைக்குள் போன குட்டி

கொப்பரையில் கொதித்த கரும்புச்சாறு நுரை அடங்கிப் பாகாகத் திரும்பும் நேரத்தில் கலியம்மாள் ஓடிவந்தாள்.

"அமுதம், பானைல பூனக்குட்டி இல்லடி."

அமுதம் அடுப்பு வாயிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. காய்ந்த கரும்புச் சக்கையைக் கவைக்கோலால் ஒரு பிடி உள்ளே தள்ளினாள். அது எரிந்து சாயும்போது அடுத்த பிடி. அதிகம் போட்டால் அடுப்பு மூச்சடைத்துப் புகையும். தாமதித்தால் சூடு இறங்கிவிடும். பதினொரு வயதில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள். இப்போது முப்பத்தைந்து. முழங்கை வரை முடி கிடையாது, எல்லாம் பொசுங்கிப் போனது.

"சக்கைப் போருல பூந்திருக்கும். நல்லா பாரு."

"பாத்துட்டன்டி. வண்டிக்கார ராசு கண்ணால பாத்திருக்கான். ஐயா தோள் துண்டுல சுத்தி எடுத்துக்கினு போனாராம். நெல்லறைல வுட்டுப் பூட்டிட்டாராம்."

கவைக்கோல் நின்றது. பிறகு அடுத்த பிடி உள்ளே போனது. ஆனால் அது கொஞ்சம் தாமதம்தான். கொப்பரை ஓரத்தில் துடுப்போடு நின்ற முத்துசாமிக்கு அது உடனே தெரிந்தது. "இன்னா அங்க?" என்று குரல் கொடுத்தார். பாகுப் பதம் பார்ப்பதற்கென்றே பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். அடுப்பில் தீ ஒரு விரல் தணிந்தாலும் பாகைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் கரும்பு வெட்டு தொடங்கியபோதே குட்டிகள் வந்துவிட்டன. சுப்பராயலுவின் ஆலைக் கொட்டகையில் பழைய சக்கைப் போரைப் பிரித்த அன்று நான்கு குட்டிகள் கிடந்தன. கண் திறக்கவில்லை. தாய்ப்பூனை நான்கு முழம் தள்ளி விறைத்துக் கிடந்தது, வாயில் நுரை. கரும்புத் தோகைக்குள் விரியன் இருக்கும். அதுதான் தீண்டியிருக்க வேண்டும்.

அமுதத்தையும் சேர்த்து, சக்கையில் வேலை செய்த பெண்கள் ஐந்து பேர். யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. உடைந்த பானை ஒன்றில் கந்தலைத் திணித்து, அடுப்புச் சுவரின் வெளிப்பக்கத்தில், கை பொறுக்கிற சூட்டில் வைத்தார்கள். பால் கலியம்மாளின் ஆட்டுப்பால். தண்ணீர் கலந்து, துணித்திரியில் நனைத்து, வாய் ஓரத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு சுமைக்கும் ஒருத்தி, முறை வைத்து. குடித்தபின் ஈரத்துணியால் வயிற்றின் கீழே நீவிவிட்டால்தான் மூத்திரம் போகும் என்று அமுதம் சொன்னாள். "உனக்கெப்படிடி தெரியும்?" என்று கேட்டதற்கு, "தாய்ப்பூன நாக்கால பண்றத பாத்ததில்லையா? நாக்குக்குப் பதிலா துணி" என்றாள். ஒரு குட்டி மூன்றாம் நாள் செத்தது. மூன்று தேறின.

குட்டி வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் குறைவில்லை. அந்த வருஷம் எலி அப்படி. ஆனால் கேட்டவர் கையிலெல்லாம் கொடுக்கவில்லை. கலியம்மாள் முதலில் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நாயை அவிழ்த்துவிடுகிற வீடு வேண்டாம் என்றாள். இன்னொரு வீட்டுக்குப் போய்வந்து, "அந்த வூட்ல மருமவளுக்கே சோறு கெடயாது. பூனைக்கு எங்கேர்ந்து போடுவாங்க?" என்றாள். செவலைக் குட்டி கடைத்தெருவில் உலகநாதன் மளிகைக்குப் போனது. சாம்பல் குட்டி மணப்பட்டில் கருவாடு காயவைக்கிற சூசைநாதன் வீட்டுக்குப் போனது. அங்கே அது கொழுத்துவிட்டது என்று சேதி வந்தது.

மிஞ்சியது மூன்று நிறத்தில் ஒரு பொட்டை. பொட்டையை யாரும் கேட்கவில்லை, சுப்பராயலுவைத் தவிர. போன வாரம் கேட்டார். அமுதம், "இன்னும் ரெண்டு மாசம் போவட்டும் ஐயா. அதுக்கு நாப்பத்தஞ்சு நாளுதான் ஆவுது" என்று சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். இப்போது கேட்காமலே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அந்த நெல்லறை அவளுக்குத் தெரியும். விதைநெல் குதிர்கள் ஐந்து நிற்கிற அறை. குதிருக்கு அடியில் பெருச்சாளி வளை. போன வருஷம் வளர்ந்த கடுவன் பூனை ஒன்றை அதில் போட்டுப் பூட்டினார்கள். சோறு வைத்தால் எலி பிடிக்காது என்று எட்டு நாள் எதுவும் வைக்கவில்லை. ஒன்பதாம் நாள் அதை முறத்தில் வாரிக்கொண்டு போய்ப் புதைத்தது அமுதம்தான். காதும் ஒரு முன்னங்காலும் இல்லை. வளர்ந்த பூனைக்கே அந்தக் கதி. இந்தக் குட்டி ஒரு கைப்பிடி இருக்கும்.

சுப்பராயலு கொட்டகைக்குள் வந்தார். பதம் நெருங்கும்போது தினமும் வருவார். நாள் முழுக்க அவர் செலவழித்த கரும்பு, மாடு, ஆள் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கிற இடம் அது.

"ஐயா, குட்டிய எடுத்துக்கினு வந்துடுங்க" என்றாள் அமுதம், தீயைப் பார்த்தபடியே.

"எந்தக் குட்டி?"

"நெல்லறைல வுட்டீங்களே, அது."

"ஓ, அதுவா. என் கொட்டகைல பொறந்தது, என் அறைக்குப் போயிருக்குது. உனக்கு இன்னா?"

"பெருச்சாளி தின்னுடும் ஐயா."

"நீ பால் குடுத்து வளத்தா, அது எலியப் பாத்துக் கொட்டாவிதான் வுடும். வயிறு காஞ்சாதான் வேட்ட வரும். வெதநெல்லு பாதி போச்சி, தெரியுமா உனக்கு? ஆடிக்கு நான் இன்னாத்தை வெதைக்கறது? உன் பூனை முடியையா?"

அவர் சொன்னது பொய்யில்லை. விதைநெல் போய்க்கொண்டுதான் இருந்தது. நான்கு பக்கமும் சிரித்தார்கள். முத்துசாமி சிரிக்கவில்லை. அவர் துடுப்பைத் தூக்கி, வழிகிற பாகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமுதம் கவைக்கோலைத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"இன்னா பண்ற?"

"சாவி குடுங்க ஐயா. குட்டிய எடுத்துக்கினு வந்து சக்கை தள்றேன்."

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு அடுப்பைப் பார்த்தார். வாய்க்குள் சக்கை சாய்ந்து சிவந்துகொண்டிருந்தது. "புதுச்சேரி மில்லுக்காரனுங்க பண்றாப்பல ஸ்ட்ரைக்கா? யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தது? ஊர்த்தலைவரு மேர் ஐயாகிட்ட ஒரு வார்த்த சொன்னா இந்தக் கொம்யூன் ஊருங்கள்ல எவனும் உனக்கு வேல குடுக்க மாட்டான்."

"சாவி குடுங்க."

"அமுதம்" என்றார் முத்துசாமி. கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது, திட்டுகிற மாதிரியும் இருந்தது. "கொப்பர நடுவுல நிக்குது. இப்ப சூடு எறங்கினா எளகிப் போவும்மா. நாளைக்குக் கோந்துதான். வெல்லம்னு யாரும் வாங்க மாட்டான். எம்பேரு போயிடும்."

"தெரியும்ணா."

"தெரிஞ்சிதான் பண்றியா?"

"இப்ப கேட்டாதான் ஐயா காதுல வுழும்."

சுப்பராயலு திரும்பி, "கலியம்மா, நீ எடுடி கோலை" என்றார். கலியம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். மூன்று பிள்ளைகள், ஓர் ஆடு, படுத்துக் கிடக்கிற புருஷன். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "எனக்குக் கண்ணுல தூசு ஐயா" என்றாள். மற்ற மூவரும் சக்கைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள், ஏதோ கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி.

கொப்பரையில் கொதி மந்தமாயிற்று. பெரிய பெரிய குமிழ் எழும்பி மெதுவாக உடைந்தது. முத்துசாமி துடுப்பை வேகமாகப் போட்டார். "ஐயா, சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க."

சுப்பராயலு வேட்டியை மடித்துக் கட்டினார். கவைக்கோலை எடுத்தார். ஒரு பெரிய கட்டுச் சக்கையைச் சேர்த்து அப்படியே அடுப்பு வாயில் திணித்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு புகை திரும்பி வெளியே வந்தது. மஞ்சள் புகை, கனமாக. அவர் இருமிக்கொண்டு பின்வாங்கினார். புகைக்குள்ளிருந்து மறுபடியும் குத்தினார். உள்ளே திடீரென்று பற்றி, தீ வாய் தாண்டி வெளியே நாக்கை நீட்டியது. அவர் மீசை ஓரம் பொசுங்கிற்று. மேலே கொப்பரை ஓரத்தில் பாகு சீறி ஏறியது.

"அடி புடிக்கும், அடி புடிக்கும்!" முத்துசாமி கத்தினார். "ஐயா, கோல வுட்டுடுங்க! கெடுத்துப்புடுவீங்க!"

அமுதம் நகரவில்லை. கை மட்டும் சேலை ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது, அவளுக்கு, எரிகிற தழலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சுப்பராயலு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அவள் காலடியில் வீசினார். "போ. போய்த் தொல."

அவள் குனிந்து எடுப்பதற்குள் கலியம்மாள் கவைக்கோலைப் பிடுங்கிவிட்டாள். கண்ணில் தூசு இல்லை.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், ஒரு தென்னந்தோப்பு. அமுதம் வாய்க்காலைச் சுற்றிப் போகவில்லை, இறங்கி ஓடினாள். பூட்டுக்குள் முதல் சாவி போகவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது திரும்பியது.

உள்ளே நெல் வாசனையும் மூத்திர நாற்றமும். கதவு வெளிச்சத்தில் குதிர்கள் வரிசையாக நின்றன. இரண்டாவது குதிரின் காலடியில் ஒரு பெருச்சாளி உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்த்தது. ஓடவில்லை. அவள் காலால் தரையை உதைத்த பிறகுதான், அவசரமில்லாமல், வளைக்குள் போனது. தரையில் புள்ளி புள்ளியாக ரத்தம்.

"பாப்பா, பாப்பா" என்று நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். பால் வைக்கும்போது கூப்பிடுகிற சத்தம். மூன்றாவது குதிருக்குப் பின்னால் குப்புறப் படுத்து, சந்துக்குள் தோள் வரை கையை விட்டாள். விரலில் மயிர் பட்டது. பிடித்தாள். கெட்டியான மொட்டை வால், பெருச்சாளியுடையது. கையை இழுத்துக்கொண்டாள். நான்காவது குதிருக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையவே இடமில்லை. முழங்கைத் தோல் உரிய நுழைத்தாள். விரல் நுனியில் ஏதோ மென்மை. அசையவில்லை.

அவ்வளவுதான் என்று நினைத்தாள். கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்தாள்.

கடித்தது. கட்டைவிரலில், எலும்பு வரை. உயிர் இருக்கிறது என்று அந்தப் பல்தான் சொன்னது. "கடி, கடி" என்று சொல்லிக்கொண்டே வெளியே இழுத்தாள். பின்னங்கால் ஒன்று கிழிந்து தொங்கியது. கண்கள் இரண்டும் பெரிதாகத் திறந்திருந்தன. மடியில் போட்டு முடிந்துகொண்டு, கதவைப் பூட்டிவிட்டு ஓடினாள்.

கொட்டகையில் முத்துசாமி ஒரு சொட்டுப் பாகைக் குவளைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். உருண்டை கூடவில்லை. அமுதம் சாவியைச் சுப்பராயலுவின் பக்கத்தில் வைத்தாள். கலியம்மாளிடமிருந்து கோலை வாங்கி உட்கார்ந்தாள். ஒரு பிடி. எரிந்து சாய்ந்ததும் அடுத்த பிடி. மடிக்குள் குட்டி சீறியது. கட்டைவிரல் ரத்தம் கோலில் வழிந்து பிசுபிசுத்தது.

வெகுநேரம் கழித்து, "உருளுது" என்றார் முத்துசாமி. மூச்சை விட்டார். "எறக்குங்கடா!"

ஆண்கள் நாலு பேர் கொப்பரையை வளையங்களில் கழி கோத்துத் தூக்கி, மரத்தொட்டியில் ஊற்றினார்கள். நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது. ஆனால் வெல்லமாகக் கட்டும்.

சுப்பராயலு தொட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பொசுங்கின மீசையைத் தடவினார். "நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்றார். சத்தம் போடவில்லை.

அமுதம் கலியம்மாளைப் பார்த்தாள். கலியம்மாள் தரையைப் பார்த்தாள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. கண்ணில் தூசு விழுந்தவரைக்கும் போதும். இன்னும் இருபது நாள் பாகு காய்ச்சுகிற வேலை இருக்கிறது, கலியம்மாள் வீட்டில் ஐந்து வாய்.

வெயில் சாய்வதற்குள் அவள் தோப்பு வழியே வெளியேறினாள். கிணற்றடியில் சுப்பராயலுவின் மனைவி வள்ளியம்மை நின்றிருந்தாள். கையில் மஞ்சள் அரைத்த கிண்ணம்.

"காலுக்கு இத வெச்சிக் கட்டு" என்றாள். அவளே குனிந்து பார்த்தாள். குட்டி அவளைப் பார்த்தும் சீறியது. "அய்யே, கோவத்தப் பாரு. அமுதம், இத எனக்குக் குடேன். வூட்டுக்குள்ளயே வெச்சிக்கிறேன். மோருஞ்சோறும் போடுறேன். பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிறேன்."

சொல்வது உண்மைதான், முகத்தில் தெரிந்தது. அமுதம் மஞ்சளைப் பூசி, முந்தானை ஓரத்தைக் கிழித்துச் சுற்றினாள்.

"ஐயா மறுபடியும் எடுத்துக்கினு போயி அங்க வுட்டா இன்னா பண்ணுவீங்கம்மா?"

வள்ளியம்மை கிண்ணத்தைப் பார்த்தாள். "கேட்டுப் பாக்கறேன்."

"கேட்டு, அவரு முடியாதுன்னா?"

வள்ளியம்மை கிண்ணத்தின் ஓரத்து மஞ்சளை விரலால் வழித்தாள்.

"அப்ப வேணாம்மா. மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க."

அபிஷேகப்பாக்கம் பக்கம் இன்னும் இரண்டு ஆலை ஓடுவதாகச் சொன்னார்கள். அடுப்புக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் கேட்கிற வாசலில் மடியும் சேர்ந்துதான் நிற்கும், கிழிந்த காலோடு ஒரு பொட்டைக்குட்டி. கொப்பரையை நிறுத்தின சேதி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். வாய்க்காலைச் சுற்றாமல், மறுபடியும் இறங்கியே கடந்தாள். தண்ணீர் பட்டதும் குட்டி நகத்தை ஊன்றிக்கொண்டது. அவள் மடியை இன்னும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.