தனியா தண்ணீர்

கொளஞ்சியின் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அனுமந்தைக் கரை வரைக்கும் கேட்டது. மீன் ஏலம் போட்டவர்கள் இடி என்று நினைத்துத் தார்ப்பாயை விரித்துவிட்டார்கள். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் பயம் நிஜம்.

மரக்காணம் உப்பளத்தில் அவரும் மனைவி ராசம்மாளும் எதிரெதிர்ப் பாத்திகளில் ஜோடியாக உப்பு வாரி வந்தார்கள். போன ஐப்பசியில் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். இந்தத் தடவை வேலை தொடங்கியதிலிருந்து, பொழுது சாய்ந்தால் எதிர்ப்பாத்தியில் உப்புப் பலகையை இழுக்கும் சத்தம். சர்ர்... சர்ர்... திரும்பினால் ஆளில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடுவார். வரப்பெல்லாம் அவர் செருப்புதான், கடையே வைக்கலாம்.

"ரெண்டாள் பாத்தி இது, கொளஞ்சி. நீ ஓடிக்கினே இருந்தா, சித்திரை பொறந்ததும் வேற ஜோடிய எறக்கிடுவேன்" என்றார் முதலாளி தெய்வசிகாமணி.

ராசம்மாள் கால் பதிந்த சேற்றை இன்னொருத்தி மிதிப்பதா? அன்றே சித்த மருத்துவர் கலைமதியிடம் போய்க் கையை நீட்டினார்.

"படபடப்புங்க. தெனம் சாயங்காலம் தனியா தண்ணி கொதிக்க வச்சு குடிங்க."

தனியாக இருப்பதுதானே வியாதி, அதையே மருந்தாகக் கொடுக்கிறாரே என்று குழம்பினாலும், துணைக்கு வந்த மச்சான் சித்தார்த்தனை விரட்டிவிட்டு, மோட்டார் கொட்டாயில் ஒற்றையாளாக வெந்நீர் குடித்தார். சத்தம் நாளுக்கு ஒரு பாத்தி நெருங்கியது. ஒருநாள் முதுகுக்குப் பின்னால் ஈரச் சேலை வாடை.

விழுந்தடித்து மருத்துவரிடம் ஓடினார்.

"தனியாத்தான் குடிக்கறேன் டாக்டரம்மா. பக்கத்துல எவளோ வந்து குந்திக்கிறா."

"தனியா போட்டீங்களா?"

"தனியாத்தாம்மா போட்டேன். மச்சான்கூட வேணான்னுட்டேன்."

"ஐயோ! கொழம்புக்கு அரைப்பீங்களே, அந்தத் தனியாங்க! கொத்தமல்லி வெதை!"

வரிசையில் நின்ற கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரையில் ரெண்டு ஓடு நழுவியது.

அன்று சாயங்காலம் ஒரு பிடி தனியாவை நசுக்கிப் போட்டுக் கொதிக்க வைத்தார். கொட்டாய் முழுக்க ராசம்மாளின் அடுப்படி வாசனை. குடிக்கக் குடிக்க நெஞ்சு மெல்ல அடங்கியது.

பலகைச் சத்தம் அடங்கவில்லை. நெஞ்சு ஓய்ந்த பிறகுதான் அது தெளிவாகவே கேட்டது. ரெண்டு இழுப்பு. ஒரு நிறுத்தம். வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிடும் கிலுக். மறுபடி இழுப்பு.

"அடிப்பாவி, நீதானா?"

பலகை நின்றது.

"நின்னுட்டா எப்பிடி? சித்திரை பொறந்தா மொதலாளி வேற ஆள எறக்கிடுவாரு. இந்தா, சூடா இருக்குது. குடிச்சிட்டு இழு."

இன்னொரு டம்ளரை வரப்பில் வைத்துவிட்டுத் தன் பலகையை எடுத்தார். ஓடவில்லை.

சித்திரை பிறந்தபோது இரண்டு பக்கமும் உப்பு, கிளியனூரிலிருந்து பார்த்தாலே தெரிகிற உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. தெய்வசிகாமணி வாயைப் பிளந்தார்.

"ஏம்பா, யாரு உன் கூட?"

காலியாகிக் கிடந்த இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்தார் கொளஞ்சி.

"எல்லாம் தனியாதான், மொதலாளி."