எரிக்காத தாலாட்டு

தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவை செய்த பிறகு சாந்தாமணிக்குக் குரல் இல்லை. யாரையாவது கூப்பிடக் கை தட்டுவாள். மற்றதெல்லாம் உதட்டசைவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து துடியலூர் வீட்டுக்கு வந்ததும், தான் பாடிய கேசட்டுகளை எல்லாம் எரித்துவிடச் சொன்னாள். கணவர் குமாரசாமி எரித்தார். ஒன்றை மட்டும் மனசு வராமல் அட்டாலிப் பரணில் பித்தளைக் குண்டாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். மகள் லோகப்பிரியா கைக்குழந்தையாக இருந்தபோது சாந்தாமணி தானே சொல் கட்டிப் பாடிய தாலாட்டு அது.

லோகப்பிரியா பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு சாந்தாமணி சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கக் குமாரசாமியால் முடியவில்லை. கேசட்டை இறக்கினார். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

காந்திபுரத்தில் ரேடியோ பழுது பார்க்கும் பீர் முகம்மது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாடாவோட கடைசி ஒட்டிக் கெடக்குதுங்க. பிரிச்சா அந்துபோயிரும்."

"தேறுற வரைக்கும் எடுத்துக் குடுங்க, போதும்."

பீர் முகம்மது பூஞ்சையைத் துடைத்து, கெட்டுப்போன முனையை வெட்டி, மிச்ச நாடாவை வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றிக் கொடுத்தார்.

வீட்டில் அதைப் போட்டதும் சமையலறையிலிருந்து சாந்தாமணி ஓடி வந்தாள். இளவயதுக் குரல் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. பட்டென்று நிறுத்தினாள். எரித்தேன் என்றீர்களே என்று அவள் உதடு கேட்டது.

"பொய் சொல்லிப்போட்டேன் சாந்தா. இத எரிக்கக் கையி வரல."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அம்மாவ அழ வெச்சுட்டமேங்கப்பா," என்றாள் லோகப்பிரியா.

மறுநாள் மதியம் குழந்தை வீறிட்டு அழுதது. யார் தூக்கியும் அடங்கவில்லை. சாந்தாமணி எழுந்து வந்து பேத்தியை வாங்கிக்கொண்டாள். சற்று நேரம் டேப்பையே பார்த்தபடி நின்று, பிறகு தானே பொத்தானை அழுத்தினாள். குழந்தை மெல்ல அடங்கியது. சாந்தாமணியின் கண்கள் வழிந்தன, ஆனாலும் டேப்பை நிறுத்தவில்லை.

நாடா வெட்டிய இடம் வந்ததும் பாட்டு பாதியில் நின்றது. குழந்தை மறுபடி சிணுங்கியது. சாந்தாமணி குனிந்து மிச்ச வரிகளை உதட்டால் சொன்னாள். சத்தம் வராததால் குழந்தை அழத் தொடங்கியது. அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

வாழ்நாளில் பாடாதவர் குமாரசாமி. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே கரகரத்த குரலில் இழுத்தார்.

"தண்ணி பாயுந் தோப்புக்குள்ள தத்தி வந்த குயிலே..."

சாந்தாமணி தலையை ஆட்டினாள். குயில் இல்லை. மறுபடி சொல்லிக் காட்டினாள்.

"மயிலே... தத்தி வந்த மயிலே..."

இம்முறை அவள் மறுக்கவில்லை. அவர் குரலுக்கேற்பக் குழந்தையின் முதுகில் தட்டத் தொடங்கினாள்.